அடமும் அடக்கமும்

சாப்பிட்டுக்கொண்டே வானொலி கேட்பவர்கள் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்றைய பேச்சு முழுவதும் வெளிக்குப் போவதைப் பற்றியது. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நம் குறிஞ்சிப்பாடி வட்டத்து வடலூரில் 1867ஆம் ஆண்டு தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார், 'நித்திய கரும விதி' எழுதும்போது, காலையில் மலசலம் எப்படிக் கழிய வேண்டும், தடைபட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் விவரமாகவே எழுதிவைத்தார். சித்த மருத்துவம் அடக்கக் கூடாத வேகங்கள் என்று 14ஐச் சொல்கிறது. மலமும் சிறுநீரும் அந்தக் கணக்கில் அடக்கம். பெரியவர்களுக்கு இவ்வளவு சொல்லியிருக்கும் மண்ணில், மூன்று வயதுக் குழந்தை காரணமில்லாமல் கத்தினால் மட்டும் வயிற்றைக் கேட்பவர் குறைவு. திருஷ்டி சுற்றிப் போடுகிறோம், மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம், அதற்கும் அடங்காவிட்டால் முதுகில் ஒன்று வைக்கிறோம். குழந்தையின் அடம் என்றும் சோம்பல் என்றும் அழுக்குப் புத்தி என்றும் நாம் பெயர் சூட்டுவதில் ஒரு பங்கு, குடலில் நடக்கும் சங்கடம். அதற்கு அடி கொடுத்தால் நோய் வளரும். இதுதான் நான் சொல்ல வந்தது.

சங்கடம் எப்படித் தொடங்குகிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் ஒரே ஒரு நாள்தான் காரணமாக இருக்கும். காய்ச்சலுக்குப் பிறகோ, தாய்ப்பாலை விட்டுப் பசும்பாலுக்கு மாறிய நாட்களிலோ, மலம் இறுகி, ஆசனவாய் லேசாகக் கிழிந்து குழந்தைக்கு வலிக்கிறது. வலித்த இடத்துக்கு மறுபடி போகக் கூடாது என்பது மூன்று வயது அறிவுக்கு மிகவும் நியாயமான முடிவு. எனவே அடுத்த முறை உந்துதல் வரும்போது குழந்தை அடக்குகிறது. நுனிக்காலில் நிற்கும்; காலைக் காலோடு பின்னிக்கொள்ளும்; கதவுக்குப் பின்னால் போய் முகம் சிவந்து விறைத்து நிற்கும். 'பாவம், முக்குகிறது' என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது வெளியே தள்ளவில்லை, உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. சில நிமிடங்களில் உந்துதல் அடங்கிவிடும். ஆனால் தங்கிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், மறுநாள் அது இன்னும் பெரிதாக, இன்னும் இறுகி வரும். இன்னும் வலிக்கும். குழந்தையின் பயம் சரியென்று குடலே நிரூபித்துவிடுகிறது. இதற்கிடையில் வயிறு உப்பி, பசி மந்தமாகி, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, தொட்டதற்கெல்லாம் சிணுங்கும் அந்தப் பிள்ளையைத்தான் 'ரொம்ப அடம்' என்கிறோம். மலச்சிக்கலோடு வரும் குழந்தைகளில் 100க்கு 90 முதல் 95 பேருக்குக் குடலில் வேறு எந்த நோயும் இருப்பதில்லை. பெரும்பாலும் இந்த அடக்கும் சுழற்சிதான்.

மாதக்கணக்கில் இப்படி அடக்கினால் மலக்குடல் விரிந்து, பழைய நிக்கரின் எலாஸ்டிக் போலத் தொய்ந்துபோகிறது. நிரம்பிவிட்டது என்ற சேதி மூளைக்குச் சரியாகப் போவதில்லை. உள்ளே கட்டியாக அடைத்திருப்பதைச் சுற்றி, மேலிருந்து வரும் இளகிய மலம் கசிந்து துணியில் படுகிறது. தாய்மார்களைக் குழப்பும் இடம் இது. கசிவைப் பேதி என்று நினைத்து, வயிற்றைக் கட்டும் வைத்தியம் செய்யும் வீடுகள் உண்டு. அடைத்திருக்கும் குடலுக்கு மேலும் ஒரு பூட்டு. அதைவிடக் கொடுமை வசவு. நான்கைந்து வயதுப் பிள்ளை துணியிலேயே போய்விட்டு ஒன்றும் நடக்காதது போல விளையாடிக்கொண்டிருந்தால், வேண்டுமென்றே செய்கிறது என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் கசிவது அந்தப் பிள்ளைக்குத் தெரிவதே இல்லை. எந்நேரமும் கூடவே இருப்பதால் நாற்றமும் அதன் மூக்குக்குப் பழகிவிடுகிறது. தெரியாமல் நடந்ததற்கு அடி வாங்கும் பிள்ளை என்ன செய்யும்? ஜட்டியைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைக்கும். கேட்டால் பொய் சொல்லும். உடனே பொய்யும் திருட்டுத்தனமும் அதன் கணக்கில் ஏறிவிடும்.

மலக்குடலுக்கு முன்னாலேயே சிறுநீர்ப்பை இருக்கிறது. பின்னால் அடைத்தால் முன்னால் இடம் நெருக்கும். அமெரிக்காவின் அயோவாவில் லோனிங் பாக்கே என்ற குழந்தை மருத்துவர், நாள்பட்ட மலச்சிக்கலும் கசிவும் இருந்த 234 குழந்தைகளைக் கவனித்து 1997இல் எழுதினார். அவர்களில் 29 சதவீதம் பேருக்குப் பகலில் சிறுநீர் கசிந்தது. 34 சதவீதம் பேர் இரவில் படுக்கையை நனைத்தார்கள். சிக்கலைத் தீர்த்ததும், பகலில் நனைத்தவர்களில் 89 சதவீதமும் இரவில் நனைத்தவர்களில் 63 சதவீதமும் நனைப்பதை விட்டார்கள். தூக்கத்தில் நனைக்கும் பிள்ளையை ஊரெல்லாம் சொல்லி மானத்தை வாங்கினால் நிறுத்திவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை மனதில் போட்டுப் பார்க்கலாம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மனம் கெட்டதால்தான் வயிறு கெடுகிறது, நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்கள் என்பார்கள். மலச்சிக்கலையும் மனச்சிக்கலையும் எதுகை போட்டுப் பேசுவது நமக்குப் பழக்கம். எதுகை சரியாக விழுந்தால் உண்மையும் விழுந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். மேல்நாட்டிலும், துணியில் போவது ஆழ்மனப் போராட்டத்தின் அடையாளம், அதை மட்டும் நிறுத்தினால் போராட்டம் வேறொரு கெட்ட பழக்கமாக வெடிக்கும் என்று ஒரு கருத்து நெடுநாள் இருந்தது. பாஸ்டனில் மெல்வின் லெவினும் கூட இருந்தவர்களும் குணமான குழந்தைகளைப் பார்த்து 1980இல் அதைச் சோதித்தார்கள். புதுக் கோளாறு எதுவும் முளைக்கவில்லை, நடத்தை தேறியிருந்தது. குடலைச் சரிசெய்ததும் குணம் தேறுகிறது என்றால், அந்தக் குணக்கேட்டில் ஒரு பகுதியாவது குடலிலிருந்து வந்ததாகத்தானே இருக்க வேண்டும்? மறுபக்கமும் உண்மைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். திங்கட்கிழமை காலை மட்டும் வரும் வயிற்று வலிக்குப் பள்ளி மீதான பயம் காரணமாக இருக்கலாம். தம்பி பிறந்த வீட்டில் அக்கா மறுபடி பாவாடையை நனைக்கலாம். பயத்தில் வரும் வலியும் வலிதான், நடிப்பு அல்ல. அங்கேயும் பிரம்புக்கு வேலை இல்லை.

எல்லாச் சேட்டைக்கும் வயிறே காரணமா என்றால், இல்லை. இரண்டு வயதில் தரையில் விழுந்து புரள்வது வளர்ச்சியில் ஒரு படி. அதற்கு விளக்கெண்ணெய் தேவையில்லை. பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்ற பேச்சுக்கும் உறுதியான சான்று கிடையாது. ஆனால் கீரிப்பூச்சியின் கதை வேறு. பெண் பூச்சி இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். அரிப்பில் குழந்தைக்குத் தூக்கம் கெடும். மறுநாள் அதுவே சிடுசிடுப்பாகவும் கவனச் சிதறலாகவும் வகுப்பில் தெரியும். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். கீரிப்பூச்சிக்கு ஒரு வேளை மாத்திரை போதாது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை வேண்டும், வீட்டில் எல்லோருமே சாப்பிட வேண்டியிருக்கும் என்பதைச் சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. பேச்சு வராத குழந்தைகளிடம், முக்கியமாக ஆட்டிசம் உள்ளவர்களிடம், இன்னும் கவனம் தேவை. தலையை முட்டிக்கொள்வது, தன்னையே கடித்துக்கொள்வது போன்ற நடத்தை மாற்றமே வயிற்றுக் கோளாறின் ஒரே அறிகுறியாக இருக்கலாம் என்று அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று 2010இல் எழுத்தில் சொன்னது.

நம் கவனம் இதுவரை மறுகோடியில் இருந்ததும் நியாயமே. வயிற்றுப்போக்கு உயிரைக் கொண்டுபோகும். அதனால் உப்புச் சர்க்கரைக் கரைசல், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பல்லாண்டு ஆராய்ச்சி, 2017இல் தமிழ்நாட்டுக்கு வந்த ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து என்று அந்தப் பக்கம் பெரிய வேலைகள் நடந்தன. மலச்சிக்கலால் சாவது மிக அரிது. ஆகவே அது வீட்டு விவகாரமாகவே நின்றுவிட்டது. இதற்கிடையில் வீட்டுப் பழக்கங்கள் மாறிவிட்டன. கேழ்வரகுக் கூழ் இருந்த இடத்தில் பாலும் பிஸ்கட்டும் உட்கார்ந்துவிட்டன. ஏழரை மணிக்கு நர்சரிப் பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்தால், தலை வாரி, ஷூ மாட்டி, இட்லியை வாயில் திணித்து ஏற்றிவிடுவதற்கே நேரம் சரியாக இருக்கிறது. உட்கார வைக்க நேரம் ஏது? தோப்புக்கும் ஏரிக்கரைக்கும் போன காலம் முடிந்து வீட்டுக்கு வீடு கக்கூஸ் வந்தது பெரிய நன்மை. ஆனால் அது பெரியவர்கள் காலுக்கு அளவெடுத்துக் கட்டியது. இருட்டறையில் இரண்டு பக்கமும் கால் எட்டாமல், குழிக்குள் விழுந்துவிடுவோமோ என்று நடுங்கும் குழந்தைக்குக் குடல் எப்படி இளகும்?

பள்ளிக்கூடத்தில் நிலைமை இன்னும் நுட்பமானது. சுண்டு விரலைக் காட்டி 'டீச்சர், ஒண்ணுக்கு' என்று கேட்க எந்தப் பிள்ளையும் தயங்காது. இரண்டு விரலைக் காட்டினால் வகுப்பே சிரிக்கும். கல்வி உரிமைச் சட்டம் 2009 ஆண், பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. கட்டடம் இருந்தும், தண்ணீர் இல்லாவிட்டால், தாழ்ப்பாள் இல்லாவிட்டால், கழுவிவிட ஆயா இல்லாவிட்டால், பிள்ளை மாலை வரை அடக்கும். முரண்டு பிடிக்கிற பிள்ளையாவது கேட்டுவிட்டு ஓடும். கைகட்டி வாய்பொத்தி உட்கார்ந்திருக்கும் நல்ல பிள்ளைதான், கேட்கவே கூசி, முழுவதையும் அடக்கி வைத்துக்கொள்ளும். நாம் மெச்சுகிற அடக்கமும் மலத்தை அடக்குவதும் ஒரே சொல்லாக இருப்பது எனக்கு அவ்வளவு தற்செயலாகப் படவில்லை.

வைத்தியம் உண்டு, ஆனால் அவசர வைத்தியம் அல்ல. எண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பையும் சோப்புத் துண்டையும் ஆசனவாயில் வைப்பது அன்றைக்கு வேலை செய்யும். அந்த இடத்தின் மீது குழந்தைக்கு இருக்கும் பயத்தை இரட்டிப்பாக்கிவிடும். இந்தியக் குழந்தை மருத்துவ வல்லுநர்கள் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அடைப்பை முதலில் நீக்கிவிட்டு, மலத்தில் தண்ணீரைத் தக்கவைக்கும் மருந்தை நீண்ட நாள் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைக்கச் சொல்கிறது. கழிப்பறைப் பழக்கத்தை 24 மாதத்துக்குப் பிறகு தொடங்கினால் போதும் என்கிறது. மருந்து பழக்கமாகிவிடுமே என்று பயந்து இரண்டு வாரத்தில் நிறுத்துவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. இந்த மருந்து குடலைச் சாட்டையால் அடித்து ஓட்டுவதில்லை, மலத்தை இளக்குகிறது, அவ்வளவே. தொய்ந்த குடல் பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகும். பிறந்து இரண்டு நாள் கழித்தே முதல் மலம் போன குழந்தை, எடை ஏறாத குழந்தை, பச்சையாக வாந்தி எடுக்கும் குழந்தை, வயிறு பானை போல உப்பிய குழந்தை என்றால் வீட்டில் எதையும் பார்த்துக்கொண்டிருக்காமல் கடலூர் அரசு மருத்துவமனைக்கோ சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று. இரைப்பையில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் விழித்துக்கொள்ளும். சாப்பிட்ட அரை மணிக்குள் உந்துதல் வருவது உடம்பின் ஏற்பாடு. அதனால்தான் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து பத்து நிமிடம், காலுக்குப் பலகை வைத்து, திட்டாமல் உட்கார வைக்கச் சொல்கிறார்கள். காலையில் வேன் விடாவிட்டால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பரவியது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள். அப்படியென்றால் வீட்டில் வர வேண்டிய அந்த உந்துதல், இப்போது பிரார்த்தனைக் கூட்டத்திலோ முதல் பீரியடிலோ வருகிறது. ஒன்பதரை மணிக்குக் கழிப்பறை கழுவப்பட்டு, வாளியில் தண்ணீரும் கதவில் தாழ்ப்பாளும் இருக்கிறதா என்று தலைமையாசிரியர் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். வருகைப் பதிவு எடுக்கும்போது பின் பெஞ்சில் இரண்டு விரல் எழுந்தால், டீச்சர் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே 'போய்ட்டு வாம்மா' என்று சொல்லலாம்.