ஆகாயத்துக் கண்ணும் பொலிசாரின் ஆணையும்

(சட்ட மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பொலிசாருக்கு இரண்டு கண்கள் போதா என்று கூறி, மூன்றாவது கண்ணொன்றை ஆகாயத்திலே வைக்கும் முயற்சி மேல்நாடுகளில் வெகு வேகமாக நடந்து வருகின்றது. ஹெலிகொப்டரிலும் ஆளில்லா விமானத்திலும் கமெராவைப் பொருத்தி, அது காணும் காட்சியை அக்கணமே கீழே அனுப்புகின்றனர். கட்டளை நிலையத்திலே திரைக்கு முன் அமர்ந்திருக்கும் அதிகாரி அதைப் பார்த்தே சுற்றி வளைப்பதா, பொறுத்திருப்பதா, உள்ளே நுழைவதா என்று தீர்மானிக்கின்றார். இது நன்றா தீதா என்று ஒரே சொல்லில் விடை கேட்போருக்கு நாம் விடை கூறப்போவதில்லை. சட்டத்தரணியின் கேள்வி வேறு. அந்த ஆணைக்குக் காரணமாயிருந்த காட்சி எங்கே? அதைக் கண்டவர் யார்? நாளை நீதிமன்றத்திலே எதிரிக் கூண்டில் நிற்பவனும் அதைக் காண முடியுமா?

இவ்விடயத்திலே அமெரிக்க ஐக்கிய நாட்டின் அனுபவத்தை நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அங்கே இயந்திரமும் வளர்ந்திருக்கின்றது, அதனைப் பற்றிய வழக்குகளும் வளர்ந்திருக்கின்றன என்பதேயாகும்.

பொஸ்ரன் படகு

2013ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி பொஸ்ரன் நகரத்து மரதன் ஓட்டத்தின் முடிவெல்லையிலே குண்டுகள் வெடித்து மூவர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். நான்காம் நாள் மாலை, அயலிலுள்ள வாற்றர்ரவுண் என்னும் ஊரிலே, வீட்டு வளவில் மூடி வைக்கப்பட்டிருந்த படகொன்றிலே யாரோ கிடப்பதாக வீட்டுக்காரர் கண்டு அறிவித்தார். மாநிலப் பொலிசாரின் ஹெலிகொப்டர் மேலே வந்தது. அதிலிருந்த கமெரா ஒளியைக் கொண்டல்ல, வெப்பத்தைக் கொண்டு காண்பது. படகின் மூடுதுணிக்குக் கீழே மனித உருவொன்று கிடப்பதும், அது உயிரோடு அசைவதும் வானத்திலிருந்தோர்க்குத் தெளிவாகத் தெரிந்தன.

இதுவரை இயந்திரத்தின் பெருமை. இனி நடந்ததைக் கேளுங்கள். படகைச் சூழ்ந்து பெருந்தொகையான பொலிசார், பல ஊர்களிலிருந்து, பல தலைமைகளின் கீழ் வந்து நின்றனர். படகிலே அசைவு கண்டதாக எண்ணி ஒருவர், அதிகாரமின்றியே சுட்டார். அந்த வெடியொலியைக் கேட்ட ஏனையோர், உள்ளிருப்பவனே தம்மைச் சுடுகின்றான் என்று கருதித் தாமும் சுட்டனர். பின்னர் அரசாங்கத்துக்காகத் தயாரிக்கப்பட்ட ஆய்வறிக்கையே இதனை ஒப்புக்கொள்கின்றது. படகிலிருந்தவனிடத்திலோ துப்பாக்கி இருக்கவில்லை! அவன் உயிரோடு பிடிபட்டதனாலேயே 2015இல் அவனை நடுவர்குழாம் முன் நிறுத்தி விசாரித்துக் குற்றவாளியாகக் காண முடிந்தது. ஒரு குண்டு சற்றே விலகியிருந்தால் அந்த விசாரணையே நடந்திராது.

ஹெலிகொப்டர் கண்டதில் யாதொரு பிழையும் இல்லை. மனிதன் இருக்கின்றான், அசைகின்றான் என்று அது சொல்லிற்று. அவனிடம் ஆயுதம் உண்டா இல்லையா என்பதை வெப்பத்தைக் காணும் கண் சொல்லவில்லை. மேலே கண்டவருக்குக் கீழே சுடுபவரின் கை வசப்படவில்லை; கீழே சுட்டவருக்கு மேலே தெரிந்த காட்சி தெரியவில்லை. காட்சி ஓரிடத்தில், விசை வேறிடத்தில். இவ்விரண்டுக்குமிடையே இருந்தது வானொலிப் பேச்சு ஒன்றே. காட்சியை எத்தனை துல்லியமாக்கினாலும் இந்த இடைவெளி தானாக மூடிவிடாது என்பதை, இத்தகைய இயந்திரங்களை வாங்கத் துடிக்கும் அரசாங்கங்கள் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

சுலா விஸ்ரா

கலிபோர்ணியாவிலே, மெக்சிக்கோ எல்லைக்கு அண்மையிலுள்ள சுலா விஸ்ரா என்னும் நகரத்துப் பொலிசார் 2018ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் தொடக்கம் வேறொரு முறையைக் கைக்கொண்டு வருகின்றனர். அவசர அழைப்பு வந்ததும், பொலிஸ் வண்டி சென்றடைவதற்கு முன்னரே, கட்டடக் கூரையிலிருந்து ஆளில்லா விமானம் எழுந்து அவ்விடம் சேர்ந்துவிடும். வண்டியிலே போய்க்கொண்டிருக்கும் பொலிஸ்காரர் தமது கைத்தொலைபேசியிலேயே அக்காட்சியைக் காணலாம். துப்பாக்கி வைத்திருக்கின்றான் என்று ஒருவனைப் பற்றி அழைப்பு வர, விமானம் போய்ப் பார்த்தபோது அவன் கையிலிருந்தது சிகரட் பற்றவைக்கும் கருவி என்று தெரிந்ததை அந்நகரப் பொலிசார் பெருமையோடு எடுத்துச் சொல்வதுண்டு. நாம் அதனை ஏளனம் செய்யமாட்டோம். கைப்பொருளைத் துப்பாக்கியென்று கருதிப் பொலிசார் சுட்டதனால் மாண்டவர்கள் அந்நாட்டிலே பலர். பொஸ்ரனிலே இல்லாத இணைப்பு இங்கே உண்டு. செல்பவரே காண்கின்றார்.

ஆனால் அந்த விமானம் அழைப்பு வந்த வீட்டுக்குப் போகும் வழியிலே எத்தனை வீட்டு முற்றங்களைக் கடக்கின்றது? 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்துப் பதிவுகளை ஒரு பத்திரிகை வெளியீட்டாளர் கேட்டார். எல்லாமே புலன்விசாரணைப் பத்திரங்கள், ஒன்றையும் தரமுடியாது என்றது நகரசபை. 2023 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. ஊருக்குள் புகுந்த மலைச்சிங்கத்தைப் பார்க்கப் போன விமானத்தின் படமும் புலன்விசாரணையாகுமோ என்பதே நீதிமன்றத்தின் நியாயம். ஒவ்வொன்றையும் தனித்தனியே வகைப்படுத்த வேண்டும் என்று அது தீர்த்தது.

இனிச் சட்டம் எங்கே நிற்கின்றது என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். 1986இல் சிறோலோ வழக்கிலே, ஒருவர் தமது பின்வளவைச் சுற்றி 6 அடி, 10 அடி வேலிகளை எழுப்பியிருந்தும், 1000 அடி உயரத்திலிருந்து பொலிசார் கண்டதற்குப் பிடியாணை தேவையில்லை என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் கூறிற்று. ஆகாயத்தில் பறக்கும் எவரும் பார்க்கக்கூடியதைப் பொலிசாரும் பார்க்கலாமாம்! 1989இல் றைலி வழக்கிலே அந்த உயரம் 400 அடியாக இறங்கிற்று. 2001இல் கைலோ வழக்கு வந்தபோதே நீதிமன்றம் சற்று நின்றது. பொதுமக்களின் பாவனையில் இல்லாத வெப்பக் கமெராவால் வீட்டின் உள்நிலையை அறிவது சோதனையேயாகும். அதற்குப் பிடியாணை வேண்டும் என்றது. பொதுமக்களின் பாவனையில் இல்லாத என்ற சொற்றொடரைக் கவனியுங்கள். இன்று கடைகளிலே சிறுவர்க்கும் ஆளில்லா விமானம் விற்கின்றார்கள். அந்த வேலி எத்தனை நாள் நிற்கும்?

பால்ரிமோர்

மேரிலாந்து மாநிலத்துப் பால்ரிமோர் நகரத்தின் கதை இன்னும் பெரிது. 2016இலே, தனியார் கம்பனி ஒன்றின் விமானம் பொலிசாருக்காக அந்நகரத்தின் மேலே மாதக்கணக்காகப் பறந்து படம் பிடித்தது. மக்களுக்குச் சொல்லப்படவில்லை, மக்கள் தெரிவுசெய்த நகரசபைக்குமே சொல்லப்படவில்லை. செலவைக் கொடுத்தது தனியார் நன்கொடை. பத்திரிகை வெளிப்படுத்திய பின்னரே ஊர் அறிந்தது. பின்பு 2020 மே மாதம் முதல் ஆறு மாதங்களுக்கு, இம்முறை வெளிப்படையாகவே, அத்திட்டம் மீண்டும் நடந்தது. நொடிக்கு ஒரு படம். நகரத்தின் ஏறத்தாழ 90 சதவீதமான பரப்பு. படங்கள் 45 நாட்களுக்குச் சேமிப்பு.

நகரின் தரப்பிலே ஒரு சாதுரியமான வாதம் வைக்கப்பட்டது. படத்திலே மனிதன் ஒரு புள்ளியாகவே தெரிகின்றான். புள்ளிக்கு முகமேது, பெயரேது என்றனர். 2021 ஜூன் 24ஆம் திகதி நான்காம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் நிறைமன்று, 8க்கு 7 என்ற ஒரேயொரு நீதியரசர் வித்தியாசத்தில், அதனை நிராகரித்தது. புள்ளி மாலையிலே எந்த வீட்டைச் சேர்கின்றது, காலையிலே எந்த வீட்டிலிருந்து புறப்படுகின்றது என்பதே அதன் பெயரைச் சொல்லிவிடும் அன்றோ! கைத்தொலைபேசி சென்ற தடங்களை 127 நாட்களுக்குப் பிடியாணையின்றித் திரட்டியது பிழையென 2018இல் கார்ப்பென்ரர் வழக்கிலே உயர் நீதிமன்றம் கூறியதை இது பின்பற்றிற்று. திட்டம் முடிந்துவிட்டது, வழக்கும் முடிந்தது என்று நகர் தரப்பார் கூறியதும் எடுபடவில்லை. படங்களிற் சில இன்னும் பொலிசாரின் கையிலிருந்தன.

எதிர்த்தரப்பாருக்கும் நியாயம் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. 2015 முதல் 2022 வரை ஆண்டுதோறும் 300க்கு மேற்பட்ட கொலைகள் நடந்த நகரம் அது. மாண்டவரிற் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவர்களின் தாய்மார் கேட்ட பாதுகாப்பை வெறும் பொலிஸ் சாக்கு என்று தள்ளிவிட நாம் தயாரில்லை. ஆயினும் அந்தத் தாய்மாரைக் கேளாமலேதான் 2016இல் விமானத்தைப் பறக்கவிட்டார்கள்.

நண்பர்களே, நமக்கு முக்கியமாகத் தோன்றுவது இன்னுமொன்று. எதிரிக்குச் சாதகமான சான்றை அரசதரப்பு மறைக்கலாகாது என்பது 1963ஆம் ஆண்டுப் பிறேடி வழக்கின் தீர்ப்பு. அதுவும் இதே மேரிலாந்திலிருந்து எழுந்த வழக்கே. ஆனால் 1988இல் அரிசோனாவிலிருந்து வந்த யங்பிளட் வழக்கு அதன் பக்கத்திலே ஒரு வாயிலைத் திறந்துவிட்டது. உதவியிருக்கக்கூடிய சான்றைப் பொலிசார் காப்பாற்றத் தவறினாலும், தீய எண்ணம் நிரூபிக்கப்பட்டாலன்றி எதிரிக்குப் பரிகாரமில்லை என்றது. இனி, காட்சியை நேரே பார்த்து ஆணையிட்டுவிட்டு, பதிவே செய்யாமல் விட்டால் என்னவாகும்? அழித்தார்கள் என்று குற்றஞ்சாட்டவும் வழியில்லை; அங்கே அழிப்பதற்கே ஒன்றுமில்லை. எதிரியின் கையில் ஆயுதம் இருக்கவில்லை என்பதைத் திரையிலே கண்ட ஒரே சாட்சி, பொலிஸ் அதிகாரியின் ஞாபகமாகவே இருக்கும். குறுக்கு விசாரணையிலே ஞாபகங்கள் படும் பாட்டை இங்கிருக்கும் அனுபவசாலிகள் அறிவர்.

ஆகவே, இத்தகைய கமெராவை அனுமதிக்கும் எந்தச் சட்டத்திலும் சில விதிகள் இருத்தல் வேண்டுமென்பது நமது கருத்து. பார்த்த காட்சியனைத்தும் பதிவாதல் வேண்டும். ஆணை பிறப்பித்தவரின் பெயரும், நேரமும், அப்போது திரையில் இருந்த காட்சியும் ஒன்றாகவே எழுதப்படல் வேண்டும். அப்பதிவு, கேளாமலே எதிரிதரப்புக்குக் கையளிக்கப்படல் வேண்டும். பதிவு இல்லையேல், தீய எண்ணத்தை நிரூபிக்கும் பாரத்தை எதிரியின் தலையிலே ஏற்றாமல், ஏன் இல்லையென்று விளக்கும் பொறுப்பைப் பொலிசார்மீதே வைத்தல் வேண்டும். இந்நான்கையும் விதிவாசகமாக்கி நகலொன்று தயாரிக்கும் வேலையை மாணவர் சங்கத்தாரிடம் ஒப்படைக்கின்றோம்; அடுத்த மாதக் கூட்டத்திலே அதனை வரிவரியாக வாசித்து வாதிப்போம்.