துருவக் கடலின் அடுக்குகள்

வெப்பமண்டலக் கடல்களில் மேல்நீர் வெதுவெதுப்பாகவும், ஆழம் செல்லச் செல்ல நீர் குளிர்ந்தும் இருக்கும். வடதுருவத்தைச் சூழ்ந்த ஆர்க்டிக் பெருங்கடலிலோ இம்முறை தலைகீழாகிறது. குளிர்ந்த நீர் மேலே நிற்க, வெப்பமான நீர் அதன் கீழே தங்குகிறது.

இதனை முதன்முதலில் அளந்து காட்டியவர் நார்வே நாட்டு அறிஞர் நான்சென். 1893-இல் அவர் தமது 'ஃபிராம்' கப்பலைச் சைபீரியாவுக்கு வடக்கே வேண்டுமென்றே பனியில் உறையவிட்டார். 1896 வரை அது பனியோடு மிதந்து சென்றது. கடல் ஆழமற்றது என எண்ணியிருந்தமையால் கொண்டுசென்ற கயிறு போதவில்லை. கப்பலின் எஃகு வடத்தைப் பிரித்து, நீண்ட கம்பியாக்கி ஆழம் பார்த்தனர். 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் தெரிந்தது. மேல்நீர் உறைநிலையை ஒட்டியிருக்க, ஏறத்தாழ 200 மீட்டருக்குக் கீழ் வெப்பநிலை சுழிக்கு மேல் இருந்தது. அட்லாண்டிக்கிலிருந்து வந்த நீரே அது.

வெப்பநீர் ஏன் மேலெழவில்லை? உறைநிலைக்கு அருகில் நீரின் அடர்த்தியைப் பெரிதும் முடிவு செய்வது வெப்பமன்று, உப்பே. அட்லாண்டிக் நீர் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்புடையது. மேல்நீரில் உப்பு குறைவு. ஓப், எனிசேய், லீனா முதலிய பேராறுகள் நன்னீரைக் கொணர்ந்து கொட்டுகின்றன. உலகக் கடல்நீரில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே கொண்ட இக்கடல், உலக ஆற்றுநீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பெறுகிறது. மேலும், கடல்நீர் உறையும்போது உப்பை வெளியேற்றுகிறது. கரையோர ஆழமற்ற பகுதிகளில் இவ்வாறு உப்பேறிய குளிர்நீர் தாழ்ந்து, இரண்டுக்கும் இடையே புகுந்து பரவுகிறது. குளிர் மாறாமல் உப்பு மட்டும் விரைந்து மிகும் இவ்வடுக்கே வெப்பநீரின் மூடி.

மூடிக்குக் கீழுள்ள வெப்பம், மிதக்கும் பனி முழுவதையும் உருக்கப் போதுமானது. ஆகவே மூடியின் உறுதி முக்கியமாகிறது. இந்நூற்றாண்டில் யூரேசியப் படுகையின் கிழக்குப் பகுதியில் அது நலிந்து, அட்லாண்டிக் வெப்பம் மேற்பரப்பை நெருங்கியுள்ளது. கனடாவை அடுத்த போஃபோர்ட் சுழலிலோ நன்னீர் சேர்ந்து மூடி வலுத்தது. ஒரே கடலை ஒரே சராசரியால் விளக்க முற்படுவோர் இதனைக் கருத வேண்டும்.

தென்துருவத்தில் மூடி திறந்ததும் உண்டு. வெட்டல் கடலில் 1974 முதல் 1976 வரையிலான குளிர்காலங்களில், பனிப்பரப்பின் நடுவே ஏறத்தாழ இரண்டரை இலட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்குத் திறந்த நீர் தோன்றியது. ஆழத்து வெப்பம் மேலெழுந்ததே காரணம்.

செயற்கைக்கோள் பனியின் பரப்பைக் காணும். அடியிலுள்ள அடுக்குகளைக் காணாது. கருவி நீருக்குள் இறங்கியே தீரவேண்டும். 2014-இல் இந்திய அறிஞர்கள் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்திலுள்ள கோங்ஸ் ஃபியோர்டில், சுமார் 190 மீட்டர் ஆழத்தில், 'இண்டார்க்' என்னும் கருவித்தொடரை நங்கூரமிட்டு நிறுத்தினர். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்கு இதில் பெரும்பங்குண்டு. அட்லாண்டிக் நீரும் ஆர்க்டிக் நீரும் கலக்கும் அவ்விடத்தில், கோடையில் மட்டும் சென்று திரும்பும் குழுவுக்குக் கிட்டாத குளிர்கால வெப்பநிலையும் உப்பளவும் அதன்வழிப் பதிவாயின.