துறையறிவும் ஆங்கிலமும்: அயல்நாட்டு மாணவருக்கான முன்பயிற்சி

மைசூர் நகரின் செலுவாம்பா மாளிகையில் 1950ஆம் ஆண்டு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு ஒத்துழைக்க, 1964இல் அங்கே பன்னாட்டு உணவுத் தொழில்நுட்பப் பயிற்சி மையம் உருவாயிற்று. தெற்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கு வேண்டிய வல்லுநர்களை இப்பகுதியிலேயே பயிற்றுவிப்பது அதன் நோக்கம். வளரும் நாடுகளின் பணியாளர்களுக்குப் பயிற்சியளிக்கும் ஐடெக் திட்டத்தை இந்திய அரசு தொடங்கியதும் அதே 1964இல்தான். 1916இல் நிறுவப்பெற்ற மைசூர் பல்கலைக் கழகத்தை நாடியும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து மாணவர்கள் வருகின்றனர். இவ்வாறு வருவோர் அனைவருக்கும் இங்குள்ள உயர்கல்வியின் முதல் வாயில் ஆங்கிலமே. அந்த வாயிலை எவ்வாறு அமைப்பது என்பதே இவ்வுரையின் பொருள்.

தம் நாட்டில் பாரசீக மொழியிலோ அரபு மொழியிலோ வேதியியலைக் கற்றுத் தேறிய ஒரு மாணவரை எண்ணிப் பார்க்கலாம். ஆய்வுக்கூடத்தில் அவர் கைதேர்ந்தவர், கருவிகளை அறிந்தவர், கணக்கில் தவறாதவர். ஆனால் விரிவுரையின் வேகத்திற்கு ஈடுகொடுத்துக் குறிப்பெடுக்க அவரால் இயலவில்லை. கருத்தரங்கில் வினா எழுந்தால் விடை தெரிந்தும் மௌனமாகிறார். தேர்வுத்தாளைத் திருத்துபவரோ மொழிக் குறையைப் பாடக் குறையாகக் கொள்கிறார். இதனால் மாணவர் ஓராண்டை இழக்கலாம்; அவரை அனுப்பிய நாடு தான் எதிர்பார்த்த வல்லுநரை இழக்கலாம்.

இக்குறையைப் போக்கப் பொது ஆங்கில வகுப்பு ஒன்று போதாதா என்ற வினா எழுவது இயல்பே. கடிதம் எழுதவும் கடைவீதியில் பேசவும் அது உதவும்; ஆய்வுக்கூடத்தில் அது துணைநிற்பது குறைவு. ‘கண்ட்ரோல்’ என்றால் கட்டுப்பாடு என்று அகராதி கூறும். சோதனையிலோ ஒப்பிடுவதற்காக மாற்றம் செய்யாது வைக்கப்படும் மாதிரியை அச்சொல் குறிக்கிறது. ‘கல்ச்சர்’ என்பது பண்பாடு; தயிரைப் பற்றிய பாடத்தில் அதுவே நுண்ணுயிர் வளர்ப்பு. ‘சிக்னிஃபிகண்ட்’ என்ற சொல் புள்ளியியலில் வெறும் முக்கியத்துவத்தைக் குறிப்பதன்று. தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடிய வாய்ப்பு மிகக் குறைவு என்பதே அங்கு அதன் பொருள்.

சொல்லோடு வாக்கியமும் சேர்ந்தே இடர் தருகிறது. பாலைக் கிருமிநீக்கம் செய்ய 63 பாகை செல்சியஸில் 30 நிமிடமோ, 72 பாகையில் 15 வினாடியோ சூடாக்குவது வழக்கம். இவ்வளவுகளைக் கூறும் ஆங்கிலப் பாடநூல் ‘நாட் லெஸ் தன்’ என்று தொடங்கும். ‘இதற்குக் குறையாமல்’ என்னும் அத்தொடரை ‘இதற்கு மேற்படாமல்’ என்று ஒரு மாணவர் கொள்வாராயின், அது இலக்கணப் பிழையோடு நின்றுவிடாது. பிறர் அருந்தும் பாலின் பாதுகாப்பையே பாதிக்கும்.

இத்தேவையை உலகின் பல பல்கலைக் கழகங்கள் முன்னரே உணர்ந்தன. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக் கழகத்தில் போக்குவரத்து இயலும் தாவர உயிரியலும் பயின்ற அயல்நாட்டு முதுநிலை மாணவர்களுக்காக டிம் ஜான்ஸ், டோனி டட்லி-எவன்ஸ் ஆகிய மொழியாசிரியர்கள் ஒரு முறையை வகுத்து, 1980இல் அதனை விவரித்தனர். துறைப் பேராசிரியரின் விரிவுரை ஒலிப்பதிவு செய்யப்பட்டது. பின்னர் அவரும் மொழியாசிரியரும் மாணவரும் ஒருங்கே அமர்ந்து, புரிந்தது எது, புரியாதது எது என்று ஆராய்ந்தனர். மாணவரின் இடர்ப்பாட்டை மட்டுமன்றித் தம் விரிவுரையின் தெளிவின்மையையும் பேராசிரியர் அறிய இது வழிசெய்தது.

இந்திய அனுபவமும் இதற்குத் துணைநிற்கிறது. என். எஸ். பிரபு பெங்களூரை மையமாகக் கொண்டு 1979 முதல் 1984 வரை நடத்திய திட்டத்தில், பள்ளி மாணவர்கள் வரைபடத்தையும் கால அட்டவணையையும் கொண்டு சிக்கல்களுக்கு விடை கண்டனர். பொருளில் மனம் ஊன்றும்போது மொழியும் கைகூடும் என்பதே அத்திட்டத்தின் அடிப்படைக் கருத்து. அண்ணா பல்கலைக் கழகத்தின் மொழியாசிரியர்கள் பொறியியல் மாணவருக்கெனத் தனி ஆங்கிலப் பாடநூலை உருவாக்கியதும் துறைசார் தேவையை உணர்ந்தே.

இவற்றின் வெளிச்சத்தில் பாடத்திட்டத்தை வகுக்கும்போது முதலில் செய்ய வேண்டியது தேவையைக் கணிப்பதாகும். மாணவர் முதற் பருவத்தில் எந்நூல்களைப் படிக்க வேண்டும், எத்தகைய விரிவுரைகளைக் கேட்க வேண்டும், எவற்றை எழுத வேண்டும் என்று துறையாசிரியரிடமே கேட்டறிதல் வேண்டும். முந்தைய ஆண்டு மாணவரின் ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளும் விடைத்தாள்களும் இதற்கு நல்ல சான்றுகள்.

அடுத்து, பாடப்பொருள் துறையிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். மாம்பழக்கூழ் தயாரிக்கும் முறையை விளக்கும் படத்தைக் கொடுத்து, அதைப் பத்தியாக எழுதச் செய்யலாம். அட்டவணையைப் பார்த்து முடிவு கூறச் செய்யலாம். நிச்சயமாக நிகழ்வதற்கும் நிகழக்கூடும் என்பதற்கும் ஆங்கிலம் காட்டும் வேறுபாட்டை அங்கேயே பயிற்றலாம். ஆய்வேடு எழுதுவோர்க்கு, ஆய்வுக்கட்டுரையின் முன்னுரை துறையை அறிமுகப்படுத்தி, அதிலுள்ள இடைவெளியைச் சுட்டி, அதை நிரப்ப முற்படுகிறது என்று ஜான் சுவேல்ஸ் 1990இல் வெளியிட்ட நூலில் காட்டிய அமைப்பு பெரிதும் பயன்படும்.

மாணவர் தொகை சிறிது, துறைகளோ பல என்ற தடை உண்மையானதே. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான அடித்தளம் ஒன்று உண்டு. ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. அவர் ஆராய்ந்த கல்விநூல் பகுதிகளின் சொற்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இவற்றைச் சேர்ந்தவை. இதனைப் பொதுவில் கற்பித்து, எஞ்சிய நேரத்தில் அறிவியல், வணிகம், சமூகவியல் எனக் குழுக்களாகப் பிரிக்கலாம். கன்னட வழியிலும் தமிழ் வழியிலும் பள்ளிக்கல்வி முடித்து வருவோருக்கும் இதே இடர் உண்டு. அவர்களையும் சேர்த்துக்கொண்டால் வகுப்பு நிறையும். அயல்நாட்டாருக்கு உள்ளூர் நட்பும் வாய்க்கும்.

ஆங்கிலப் பயிற்சி தாய்மொழியை வாயிலில் நிறுத்திவிட்டு நடைபெற வேண்டியதில்லை. 1969இல் இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் அமைந்த ஊர் மைசூர். மாணவர் தாம் முன்பு கற்ற கலைச்சொற்களை ஆங்கிலச் சொற்களோடு இணைத்துச் சொற்றொகுதி ஒன்றைத் தயாரிப்பது பயிற்சியின் ஒரு பகுதியாக வேண்டும். அவருடைய பழைய அறிவு அதனால் புதிய மொழியில் மீண்டும் பயன்தரும்.

இப்பயிற்சி சேர்க்கைக்கு முந்தைய சில வாரங்களோடு முடிந்துவிடலாகாது. முதற் பருவம் முழுவதும் பாடத்தோடு இணைந்தே செல்லுதல் வேண்டும். அதற்கு மொழியாசிரியர் ஆய்வுக்கூடத்திற்குச் செல்ல வேண்டும். துறையாசிரியர் மொழி வகுப்பிற்கு வர வேண்டும். கால அட்டவணையில் இவ்விருவருக்கும் பொதுவாக வாரம் ஒரு மணி நேரத்தை ஒதுக்குவது நிர்வாகத்தின் பொறுப்பாகும். கடல்கடந்து வரும் மாணவர் அறிவோடுதான் வருகிறார். அவ்வறிவு வகுப்பில் வெளிப்பட வழியமைத்துத் தருவது அவரை ஏற்றுக்கொண்ட கல்விக்கூடத்தின் கடமையாகும்.