விஷத்தைச் சிந்தியது யார்? துடைப்பது யார்?

(பாதரசம் சிந்திய தெருவில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் ஓட்டுக் கேட்க வரவில்லை. இந்தத் தெருவில் இருபது நாட்களாகப் பூட்டிக் கிடக்கும் மூன்று வீடுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அந்த மூன்று குடும்பங்களும் உறவினர் வீட்டுத் திண்ணையிலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் படுத்திருக்கின்றன. பூட்டிய வீட்டுக்கு வாடகை மட்டும் தவறாமல் கேட்கப்படுகிறது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள். ஆகவே உள்ளபடி சொல்லிவிடுவோம்.

காயலான் கடையில் கிடந்த பழைய சாமான்களுக்கு நடுவே ஒரு சிறு குப்பி இருந்தது. பத்து வயதுப் பையன் அதை எடுத்தான். உள்ளங்கையில் அடங்கும் குப்பி. தூக்கினால் கல் போலக் கனம். ஒரு கிலோ பாதரசம் ஒரு சின்ன டீ கிளாஸில் அடங்கிவிடும். தண்ணீரைப் போலப் பதின்மூன்றரை மடங்கு கனம் அதற்கு. பையன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டில் ஊற்றினான். வெள்ளி உருண்டைகள் ஓடின. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் கூடிவிட்டன. ஆளுக்குக் கொஞ்சம் கையில் வாங்கிக்கொண்டு போயின. மூன்று வீடுகளில் சிந்தியது இப்படித்தான்.

நாம் செய்த தவறு

முதலில் நம்முடைய தவறைச் சொல்லவேண்டும். சர்க்காரைக் குறை சொல்வதற்கு முன் நம்மை நாமே விசாரித்துக்கொள்வது நல்லது.

தகவல் கிடைத்ததும் நம் தோழர்கள் நான்கு பேர் ஓடிவந்தோம். நல்ல எண்ணத்தோடுதான் வந்தோம். வந்ததும் என்ன செய்தோம்? துடைப்பத்தை எடுத்தோம். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். “ஒன்றுமில்லை, வெறும் ரசம்தான், கழுவிவிட்டால் போய்விடும்” என்று தாய்மார்களுக்குத் தைரியம் சொன்னோம். ஈரம் காயட்டும் என்று மின்விசிறியையும் சுழலவிட்டோம்.

இத்தனையும் தவறு. துடைப்பம் பட்டால் ஓர் உருண்டை நூறு உருண்டையாகச் சிதறும். பத்து அடியில் கிடந்தது வீடு முழுவதும் பரவும். தண்ணீர் ஊற்றினால் அது தரைவெடிப்பிலும் சாக்கடையிலும் போய் உட்காரும். மின்விசிறி ஆவியை வீடெங்கும் கொண்டு சேர்க்கும். அத்தனையும் செய்துவிட்டு அந்த வீட்டில் குழந்தைகளை அன்றிரவு படுக்கவும் வைத்தோம்!

மறுநாள் காலையில் ஓய்வுபெற்ற ரசாயன ஆசிரியர் ஒருவர் வந்தார். அவர் நம் கட்சிக்காரர் அல்ல. வாசலில் நின்றபடியே, “முதலில் குழந்தைகளை வெளியே அனுப்புங்கள்; பிறகு பேசலாம்” என்றார். அதற்குப் பிறகுதான் நமக்குக் கண் திறந்தது. மூன்றாம் நாள் அந்தப் பையனுக்கு இருமலும் நெஞ்சடைப்பும் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இப்போது திரும்பி வந்துவிட்டான். ஆனால் டாக்டர் மறுபடியும் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

கண்ணுக்குத் தெரியாத அபாயம்

பாதரசத்தை விழுங்கினால்தான் அபாயம் என்று பலர் நினைக்கிறார்கள். விழுங்கிய பாதரசத்தில் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமல் வெளியே போய்விடும். மூச்சில் போவதுதான் ஆபத்து. கொதிக்கவேண்டியதில்லை; சாதாரண வெயிலிலேயே அது ஆவியாகிக்கொண்டிருக்கும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. சுவாசித்த ஆவியில் பெரும்பகுதி நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். பிறகு மூளையையும் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத கோபம், மறதி – இவையெல்லாம் அதன் அடையாளங்கள். தரையில் தவழும் குழந்தைக்கும் கர்ப்பிணித் தாய்க்கும் அபாயம் அதிகம்.

ஆகவே தாய்மார்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஜுரம் பார்க்கும் கருவி ஒன்று உடைந்தால் சிந்துவது ஒரு கிராம் அளவுதான். அதை நாமே எடுத்துவிடலாம். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வெளியே அனுப்புங்கள். தெருப்பக்க ஜன்னலைத் திறந்து, மற்ற அறைகளின் கதவைச் சாத்துங்கள். மின்விசிறி வேண்டாம். துடைப்பம் வேண்டாம். தூசி உறிஞ்சும் மெஷின் கூடவே கூடாது. கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு கெட்டி அட்டைகளால் உருண்டைகளைத் தள்ளி ஒன்றுசேருங்கள். டார்ச் விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால் ஒளிந்திருக்கும் துளி பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். சொட்டு மருந்துக் குழலால் உறிஞ்சி, கொஞ்சம் தண்ணீருள்ள பிளாஸ்டிக் புட்டியில் விட்டு இறுக மூடுங்கள். பொடித்துளிகளை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள். இடுக்கில் நின்றதன் மேல் கந்தகப் பொடியைத் தூவுங்கள். கந்தகமும் ரசமும் சேர்ந்தால் லிங்கம் என்பது நம் நாட்டு வைத்தியர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். அப்படிக் கட்டுண்டுவிட்டால் ஆவியாவது குறையும். ஆனால் அந்தப் பொடியையும் புட்டியிலேயே சேர்க்கவேண்டும். எரிக்கக்கூடாது, சாக்கடையில் கொட்டக்கூடாது. பாதரசம் பட்ட துணியையும் செருப்பையும் மற்றத் துணியோடு துவைக்காமல் தனியே கட்டி வையுங்கள்.

இன்னொரு விஷயம். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே நகையைக் கழற்றவேண்டும் என்றார் ஆசிரியர். நம் தெருவில் தங்கம் ஏது? தாலியில் உள்ள குந்துமணிதான். அதைக் கழற்றுவதா என்று தாய்மார்கள் தயங்கினார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்தவேண்டிய அவசியமென்ன? “வீடு சுத்தம் செய்வது பெண்கள் வேலை என்று எங்கே எழுதியிருக்கிறது? ஆண்கள் இறங்குங்கள்” என்றோம். இறங்கினார்கள். இந்தத் தெருவுக்கு அதுவும் ஒரு லாபம்தான்.

ஆனால் ஒரு கிராமுக்கு உள்ள வைத்தியம் ஒரு குப்பிக்குப் போதாது. மூன்று வீட்டில், தரைவெடிப்பில், பாயில், தலையணையில் புகுந்துவிட்ட பாதரசத்தை அட்டையும் டேப்பும் வைத்துக்கொண்டு எடுத்துவிட முடியாது. காற்றில் ஆவி எவ்வளவு என்று அளக்கும் கருவி வேண்டும். பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் போய்விட்டது என்று சொல்ல முடியுமா? அமெரிக்காவில், பாதரசம் சிந்திய வீட்டில் ஜனங்கள் திரும்பக் குடியேற, காற்றில் ஒரு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் ஆவி இருக்கக்கூடாது என்று சர்க்கார் சுகாதார இலாகா வழிகாட்டுகிறது. அதே நாட்டில் தொழிற்சாலைக்குச் சிபாரிசு செய்யப்பட்ட வரம்பு 25 மைக்ரோகிராம். ஏன் இந்த வித்தியாசம்? தொழிலாளி எட்டு மணி நேரத்தில் வெளியே வருகிறான். குழந்தை வீட்டிலேயே இரவும் பகலும் மூச்சு விடுகிறது. இங்கே அளவு என்ன என்று கேட்டால், அளக்கவே யாரும் வரவில்லை!

ஓர் ஆபீஸுக்குப் போனோம். “இது குப்பை, வேறு ஆபீஸைப் பாருங்கள்” என்றார்கள். அங்கே போனோம். “இது ரசாயனம், எங்கள் இலாகா அல்ல” என்றார்கள். மூன்றாவது ஆபீஸில் மனுவை வாங்கி முத்திரை குத்தினார்கள். இருபது நாள் ஓடிவிட்டது.

கோடைக்கானல் சொல்லும் பாடம்

தோழர்களே! இது நம் தெருவில் மட்டும் நடந்த விபத்தா? இல்லை.

கோடைக்கானலை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுன் நகரில் ஓடிக்கொண்டிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை மூடப்பட்டு, 1980களின் தொடக்கத்தில் நம் மலைக்கு வந்து சேர்ந்தது. பிறகு அது ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு வந்தது. தெர்மாமீட்டர்கள் ஏற்றுமதியாயின. உடைந்த கண்ணாடி? அது இங்கேயே நின்றது. 2001ம் வருஷம் மார்ச் மாதம், ஜனங்கள் நெருங்கி வாழும் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர்க் கண்ணாடி டன் கணக்கில் திறந்தவெளியில் கிடப்பதை ஜனங்கள் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை, தெருவில் இறங்கினார்கள். அந்த மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது.

பிறகு என்ன நடந்தது? ஜனங்கள் விடாமல் போராடியதால் 2003ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஏழை நாட்டில் கொட்டிய விஷம் பணக்கார நாட்டுக்குத் திரும்பிப் போனது சாதாரண வெற்றியா? தொழிலாளர்களின் உடல்நலம் கெடவில்லை என்றே கம்பெனி கடைசிவரை சொல்லிவந்தது. ஆயினும் 2016ம் வருஷம் மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. தொழிற்சாலை மூடி பதினைந்து வருஷம் கழித்து! மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்பதில் சண்டை அதற்குப் பிறகும் நீடித்தது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம் என்ற அளவு இங்கே நிர்ணயிக்கப்பட்டது. இது போதாது, பாம்பார் சோலைக்குப் பக்கத்து மண்ணுக்கு இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்று ஜனங்கள் கேட்டார்கள்.

இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்? லாபம் வரும்போது கணக்கு உடனே முடிந்துவிடுகிறது. சுத்தம் செய்யவேண்டிய கணக்கு மட்டும் தலைமுறையாக இழுபடுகிறது.

காயலான் கடைக்காரர் எதிரியா?

நம் தெருவில் சிலர் காயலான் கடையை அடித்து நொறுக்கவேண்டும் என்கிறார்கள். நம் தோழர்களிலேயே சிலருக்கு அந்த எண்ணம் இருந்தது. அந்தக் கோபம் நியாயமாக இருக்கலாம். ஆனால் திசை தவறானது. கடைக்காரர் கிலோக் கணக்கில் வாங்கிக் கிலோக் கணக்கில் விற்கிறவர். அவருடைய பெண்டாட்டி பிள்ளைகளும் அதே ஆவியைத்தான் சுவாசித்தார்கள். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் அவரிடம் விற்றது யார்? அபாயமான கழிவைக் கண்ட இடத்தில் விற்கக்கூடாது, அனுமதி பெற்ற இடத்தில்தான் ஒப்படைக்கவேண்டும் என்று 2016ம் வருஷத்து விதிகள் இருக்கின்றன. மினமாட்டா ஒப்பந்தத்தை நம் நாடு 2018ல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் ஓர் ஆலை கொட்டிய பாதரசம், மீன் தின்ற ஏழைச் செம்படவக் குடும்பங்களை முடமாக்கியது. அது 1956ல் வெளிவந்தது. அந்த ஊர்ப் பெயரைத்தான் ஒப்பந்தத்துக்கு வைத்தார்கள். காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. நம் தெருவுக்கு அது எப்போது வரும்?

கடைக்காரர் நம்மோடு நிற்கவேண்டியவர். எங்கிருந்து வாங்கினோம் என்று வாயைத் திறந்து சொல்லவேண்டியவர். அவரை அடித்து விரட்டினால் உண்மையான குற்றவாளிதான் நிம்மதியாகத் தூங்குவான்.

நாம் கேட்பது என்ன?

மூன்று வீடுகளிலும் கடையிலும் சாக்கடையிலும் ஆவியை அளந்து, கணக்கை இந்தத் தெருவில் எல்லோரும் பார்க்க ஒட்டவேண்டும். பயிற்சி பெற்ற ஆட்கள் வந்து சுத்தம் செய்யவேண்டும். துப்புரவுத் தொழிலாளிகளை வெறுங்கையோடு இதில் இறக்கக்கூடாது. வீடு திரும்பும்வரை மூன்று குடும்பங்களுக்கும் இடமும் படியும் கொடுக்கவேண்டும். குழந்தைகள் அனைவருக்கும் ரத்தமும் சிறுநீரும் இலவசமாகப் பரிசோதிக்கவேண்டும். விற்றவனைக் கண்டுபிடித்து முழுச் செலவையும் அவனிடமே வசூலிக்கவேண்டும்.

நாளைக் காலை பத்து மணிக்கு இந்த மனுவோடு கலெக்டர் ஆபீஸுக்குப் புறப்படுகிறோம். கட்சிக் கொடி வேண்டாம் என்று யாராவது சொன்னால் கொடி இல்லாமலே வருகிறோம். ரசாயன ஆசிரியர் முன்னே வர ஒப்புக்கொண்டிருக்கிறார். நாளை நாம் சேர்ந்து போவது இந்த மூன்று வீடுகளுக்காக மட்டுமல்ல. நாளை மறுநாள் இன்னொரு தெருவில் இன்னொரு பையன் ஒரு குப்பியைத் திறப்பான். அப்போது அங்கே துடைப்பத்தோடு ஓடாமல், என்ன செய்யவேண்டும் என்று தெரிந்த நான்கு பேர் இருக்கவேண்டும். நாம் கற்றது அவர்களுக்குப் போய்ச்சேரட்டும்.

இருபது நாள் போதும். இருபத்தொன்றாம் நாள் நம்முடையதாக இருக்கட்டும்!