வெப்பம் வேண்டும் எஞ்சினும் வேண்டா எஞ்சினும்



மோட்டார் வண்டியின் எஞ்சின் என்றதும், அதனைக் குளிர்விக்கும் ஏற்பாடுகளே நம் நினைவுக்கு வருகின்றன. நீர் நிறைந்த ரேடியேற்றரும் அதன் பின்னே சுழலும் விசிறியும் எவரும் அறிந்தவை. ஆயினும் அதே எஞ்சினின் ஒரு பகுதியை வேண்டுமென்றே சூடேற்றுவதற்கென அமைந்த வழியொன்றும் நெடுங்காலம் இருந்து வந்தது. அவ்வழியை வகுத்தவர்கள் தொழிற்சாலைப் பொறியியலாளர்கள். அதனை அடைத்தவர்கள் அமெரிக்க ஓட்டப்பந்தயக்காரர்கள். வகுத்தவர் செயலும் சரியே; அடைத்தவர் செயலும் சரியே. முரண்பட்ட இரு செயல்களும் எங்ஙனம் சரியாகும் என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக, 1955ஆம் ஆண்டு மாதிரியில் செவ்ரோலெற் நிறுவனத்தார் அறிமுகஞ் செய்த 265 கன அங்குல எஞ்சினைக் கொள்வோம். அதில் எட்டுச் சிலிண்டர்கள் உள. அவை பக்கத்துக்கு நான்காக, ஆங்கில ‘வி’ எழுத்தின் இரு கைகளைப் போலச் சாய்ந்து நிற்கும். இரு வரிசைகளுக்கும் நடுவே, மேலே, காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேற்றர் அமர்ந்திருக்கும். அதன் கீழுள்ள உள்வழிக் குழாய்த்தொகுதி அக்கலவையை எட்டுச் சிலிண்டர்களுக்கும் பங்கிட்டு அனுப்பும். எரிந்து முடிந்த புகையோ இரு புறத்தும் வெளியே செல்லும்.

பெற்றோல் திரவமாக இருக்கையில் நன்றாக எரிவதில்லை; ஆவியாகிக் காற்றோடு கலந்தபின்னரே எரியும். ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். ஈரத்துணி காயும்போது குளிர்வது போலவே, பெற்றோல் ஆவியாகும்போதும் சுற்றியுள்ள உலோகம் குளிர்கின்றது. குளிர்ந்த காலையில் எஞ்சினைத் தொடக்கினால், பெற்றோலின் ஒரு பகுதி ஆவியாகாது துளிகளாகவே குழாயின் தரையில் வீழ்ந்து தேங்கும். அப்போது ஒரு சிலிண்டருக்கு மிகுதியும் மற்றொன்றுக்குக் குறைவுமாகப் பெற்றோல் போய்ச் சேரும். வண்டி திக்கும், இருமும், நின்றும்விடும்.

இதனைத் தவிர்க்கவே அந்த வெப்பவழி வகுக்கப்பட்டது. ஒவ்வொரு சிலிண்டர் தலையிலும், நடுச் சிலிண்டர்களின் புகை வெளியேறும் துவாரத்திலிருந்து ஒரு கிளைவழி உள்நோக்கிச் செல்லும். அது உள்வழிக் குழாய்த்தொகுதியில் உள்ள குறுக்கு வழியோடு இணைந்து, காபரேற்றரின் அடியால் மறுபக்கத் தலைக்குச் சென்று சேரும். ஒரு பக்கத்துப் புகைக்குழாயின் வாயில் வெப்பத்துக்கு விரியும் சுருள்வில்லோடு கூடிய கதவொன்று இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அக்கதவு மூடிநின்று, சுடுபுகையைக் குறுக்கு வழியாகத் திருப்பிவிடும். காபரேற்றரின் அடித்தரை சூடேறும், துளிகள் ஆவியாகும். எஞ்சின் சூடானதும் கதவு தானே திறந்துகொள்ளும். கழிவென்று வெளியேறும் புகையைக் கொண்டே எரிபொருளைப் பக்குவப்படுத்தும் இவ்வேற்பாடு சிக்கனமானதும் நுட்பமானதுமாகும்.

இனி ஓட்டப்பந்தயத்துக்கு வருவோம். ‘டிராக் ரேசிங்’ என்பது இரு வண்டிகள் அருகருகே நின்று, நேரான பாதையில் ஒரே பாய்ச்சலாக ஓடும் போட்டி. இதன் மரபான தூரம் கால் மைல், அதாவது 1320 அடி. 1951இல் அமெரிக்காவில் இதற்கென ஒரு தேசியச் சங்கம் தோன்றியது. அச்சங்கத்தின் முதல் தேசியப் போட்டி 1955இல் கன்சாஸ் மாநிலத்துக் கிரேட் பெண்ட் என்னும் ஊரில் தொடங்கிற்று. இப்பந்தயத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரு விநாடியின் மிகச் சிறிய பின்னமே. ஆதலின் எஞ்சினின் வலுவில் சிறு துளியும் வீணாகாதிருக்க வேண்டும்.

இங்கேதான் நண்பனாக இருந்த வெப்பம் பகையாகின்றது. சூடான காற்று விரியும். விரிந்த காற்றில் நிறை குறையும். 27 பாகை செல்சியசில் உள்ள காற்றை, அமுக்கம் மாறாதிருக்க 3 பாகை சூடேற்றினால், அதே இடத்துள் அடங்கும் காற்றின் நிறை நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்துவிடும். 15 பாகை சூடேற்றினால் ஏறத்தாழ ஐந்து பங்கு குறையும். காற்றுக் குறைந்தால் அதனோடு எரியத்தக்க பெற்றோலும் குறையும், வலுவும் குறையும். மேலும், கதவு திறந்த பின்னரும் குறுக்கு வழிக்குள் சுடுபுகை சென்று மோதிக்கொண்டே இருக்கும். ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையே காத்து நிற்கும் வேளையில் காபரேற்றரின் கிண்ணத்திலுள்ள பெற்றோல் கொதித்தெழுதலும் உண்டு. பந்தயக்காரர் சிலர் பனிக்கட்டிப் பைகளை உள்வழிக் குழாயின் மேல் வைத்துக் குளிர்வித்ததும் இதன் பொருட்டே.

அடைக்கும் முறைகள் பல. எளியது, சிலிண்டர் தலைக்கும் உள்வழிக் குழாய்த்தொகுதிக்கும் இடையே வைக்கும் காஸ்கெற்றில், அவ்வழி வரும் இடத்தில் மட்டும் துவாரமில்லாத துருப்பிடிக்காத உருக்குத் தகட்டை வைப்பது. சாதாரண மெல்லிய தகரம் சுடுபுகையால் நாளடைவில் எரிந்து துளைபடும். ஆனால் தகடு வைத்தாலும் தலைக்குள் இருக்கும் கிளைவழி ஒரு முட்டுச்சந்தாக எஞ்சி நிற்கும். சுடுபுகை அதனுட் புகுந்து அயலிலுள்ள உள்வழித் துவாரத்தைச் சூடேற்றும். ஆகவே முழுப் பயனை நாடியோர், வார்ப்பிரும்புத் தலையைக் கழற்றி முன்கூட்டியே சூடாக்கி, உருக்கிய அலுமினியத்தை அவ்வழியுள் ஊற்றி நிரப்பினர். அலுமினியம் 660 பாகையில் உருகுவது. வெளியேறும் புகையோ அதனினும் சூடேறக் கூடியது. எனினும் சிலிண்டர் தலையைச் சுற்றியோடும் நீர் வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் ஊற்றிய அலுமினியம் உருகாது நிலைக்கின்றது. புகை செல்லும் துவாரத்தின் பக்கச்சுவரில் இருந்த ஓட்டையும் இதனால் மறைந்து, புகை தடையின்றி ஓடும்.

இவ்வளவும் கேட்ட இளைஞர் ஒருவர், “அங்ஙனமாயின் எங்கள் வீட்டுப் பழைய காரிலும் இதனை அடைத்துவிட்டால் என்ன?” என்று வினவக்கூடும். வினா நியாயமானதே. அதற்கு விடை, அடைத்தவர் கொடுத்த விலையில் இருக்கின்றது.

வழியை அடைத்த எஞ்சின் குளிரில் எளிதாக இயங்காது. இவ்வகை எஞ்சின்கள் பலவற்றில் தானியங்கிச் சோக் அவ்வழியின் சூட்டைக் கொண்டே திறக்கும். சூடு இல்லையேல் சோக் மூடியபடியே நிற்கும். மிகுதியான பெற்றோல் உட்சென்று பிளக்குகளைக் கரியாக்கும். சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவி, கீழேயுள்ள எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும். இதற்கு மின்சாரச் சோக்கோ கையால் இழுக்கும் சோக்கோ பொருத்த வேண்டும். முன்னர்க் கூறிய கதவை அகற்றாது விட்டாலோ, அது மூடிநிற்கும் வேளையில் அப்பக்கத்துப் புகை போக்கிடமின்றித் தவிக்கும். 1970களில் வந்த எஞ்சின்கள் பலவற்றில், நச்சு வாயுக்களைக் குறைப்பதற்காகப் புகையின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பும் ஏற்பாடும் இதே வழியையே நம்பியிருந்தது. அங்கே வழியை அடைப்பவர் தமக்கு வலுத் தேடுகையில் பிறர் சுவாசிக்கும் காற்றைக் கெடுத்தவராவர்.

பந்தய வண்டிக்கு இக்குறைகள் பெரிதல்ல. அதனைச் சூடாக்கித் தயார் செய்ய ஆட்கள் உளர். ஓடவேண்டியதும் கால் மைலே. காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் வண்டியின் நிலை வேறு. நம்மூர் வெயிலில் இவ்வெப்பத்தின் தேவை குறைவென்பது உண்மையே. ஆயினும் தேவை குறைவு என்பதும் தேவையே இல்லை என்பதும் ஒன்றல்ல. புகையை முற்றாக மறிக்காது, சிறு துவாரத்தால் அளவாகச் செல்லவிடும் காஸ்கெற்றுகள் இதற்கெனவே செய்யப்பட்டன.

இன்றைய கார்களில், பெற்றோலை ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலிலோ அதன் உள்ளேயோ நேரே தெளிக்கும் முறை வந்துவிட்டது. குழாய்த்தரையில் பெற்றோல் தேங்கும் கவலை நீங்கவே, அதனைச் சூடாக்கும் அவ்வழியும் மறைந்தது. எனினும் அது கற்பித்த பாடம் மறையத்தக்கதன்று. ஒரு பொறியில் நமக்குப் பயனற்றதாகத் தோன்றும் துவாரம் ஒன்றைக் கண்டால், அதனை அடைக்குமுன் “இது யாருக்காக, எதற்காக வைக்கப்பட்டது?” என்று கேட்க வேண்டும். நன்கு அடைத்த பந்தயக்காரர்கள் இக்கேள்விக்கு விடை அறிந்தே அடைத்தார்கள். விடை அறியாது அவர்கள் கையை மட்டும் பார்த்துச் செய்தவர்களின் வண்டிகளே குளிர்ந்த காலையில் தெருவோரத்தில் நின்றன.