உப்புமாவும் ஒப்பந்தமும்

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தெரிந்தும் பின்வரிசையில் நிற்கும் மாணவர்களே, விடிகாலையில் இறங்கிய வேலையை முடித்துச் சீருடையோடு வந்து அமர்ந்திருக்கும் தூய்மைப் பணியாளர் தாய்மார்களே!

2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். இதே மதுரையில், சிம்மக்கல் பக்கம் இருக்கும் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதலமைச்சர் பிள்ளைகளோடு உட்கார்ந்து காலை உணவு சாப்பிட்டார். காலை உணவுத் திட்டம் பிறந்த இடம் அதுதான். முதல் கட்டமாக 1,545 பள்ளிகள், ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் குழந்தைகள், 33 கோடியே 56 லட்சம் ரூபாய். மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. 1956-இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோதும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும் முணுமுணுத்த வாய்கள் இந்தமுறையும் முணுமுணுத்தன. நாக்கில் நரம்பில்லாத அந்தப் பேச்சுக்கு இந்த மேடை பதில் சொல்லப்போவதில்லை. ரவை உப்புமாவைக் குறை சொல்ல இங்கே யாரும் கூடவில்லை.

கேள்வி வேறு. அந்தப் பிள்ளை காலை எட்டரை மணிக்கு ஏன் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வருகிறது? வீட்டில் அரிசி இல்லை என்பது பாதிப் பதில். அடுப்பு மூட்ட ஆள் இல்லை என்பது மீதி. விளக்குத்தூண் பகுதியில் ஜவுளிக்கடைகள் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் தெருவைக் கூட்டி முடிக்க வேண்டுமென்றால், அந்தத் தாய் இருட்டிலேயே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும் அதே கதைதான். ஊர் தூங்கா நகரம் என்று பெயர் வாங்கியது யாருடைய தூக்கத்தைக் கொடுத்து?

அந்தக் காலை உணவு தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதம். 2022 அக்டோபரில் நகராட்சி நிர்வாகத் துறை அரசாணை 152-ஐ வெளியிட்டது. சென்னை நீங்கலாக 20 மாநகராட்சிகள், அதில் மதுரையும் ஒன்று. தூய்மைப் பணியாளர், ஓட்டுநர் போன்ற அடிமட்டப் பணியிடங்களை நிரந்தரப் பட்டியலிலிருந்து எடுத்து வெளிமுகமைக்கு, அதாவது ஒப்பந்தக்காரர் கைக்கு, விடுவதுதான் ஆணையின் சாரம். தொழிற்சங்கங்கள் அன்றிலிருந்து இன்றுவரை அதை ரத்து செய்யச் சொல்லிக் கொடி பிடிக்கின்றன. பிள்ளைக்கு உப்புமா, தாய்க்கு ஒப்பந்தம். ஒரே அரசு, ஒரே ஆண்டு. ஒரு கை ஊட்டும்போது இன்னொரு கை எதை உருவுகிறது என்பதைப் பேசத்தான் இந்தக் கூட்டம்.

இந்த ஊருக்கு நிரந்தர வேலை என்றால் என்னவென்று தெரியும். 1892-இல் ஹார்வி சகோதரர்களின் பஞ்சாலை இங்கே வந்தது. பிறகு மீனாட்சி மில் வந்தது. மில் சங்கு ஊதினால்தான் ஊருக்கே பொழுது விடிந்த காலம் ஒன்று இருந்தது. பஞ்சுத்தூசியைச் சுவாசித்து இருமிய அந்த வாழ்க்கையைச் சொர்க்கமாகச் சித்திரிப்பது பொய். நிரந்தர அட்டை கிடைக்கும்வரை பதிலித் தொழிலாளியாகக் கேட் வாசலில் காத்துக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் திருப்பரங்குன்றம் பக்கத்து ஹார்விபட்டியைப் போய்ப் பாருங்கள். மில் தொழிலாளிக்கென்று கம்பெனி கட்டிய வீடுகள். பள்ளிக்கூடப் படியை அதிகம் மிதிக்காதவர்கள் அவற்றில் குடியிருந்தார்கள். 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம், 1952-இல் பி.எஃப்., 1965-இல் போனஸ், 1972-இல் கிராஜுவிட்டி என்று ஒவ்வொரு சட்டமும் அவர்கள் வீட்டு அலமாரியில் ஒரு காகிதமாக வந்து சேர்ந்தது.

சும்மா வந்து சேரவில்லை. 1952 தேர்தலில் கம்யூனிஸ்ட் தலைவர் பி.ராமமூர்த்தி சிறைக்குள் இருந்தபடியே மதுரையில் ஜெயித்தார். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான அமெரிக்கன் கல்லூரி மாணவர் என்.சங்கரய்யா 1941-இல், பி.ஏ. இறுதித் தேர்வுக்குச் சில நாள் இருக்கையில் கைதானார். பட்டம் போயே போய்விட்டது. எண்பது ஆண்டு கழித்து, 2023-இல், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தரத் தீர்மானித்தபோது ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை. அந்த நவம்பர் 15-ஆம் தேதி அவர் இறந்துபோனார். பட்டத்தை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதில் இந்த ஊருக்கு நெடிய அனுபவம் உண்டு.

இப்போது அந்த மில் தொழிலாளியின் பேரனைப் பார்ப்போம். தாத்தா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார், அப்பா பத்தாவது, பேரன் பி.இ. உயர்கல்வி பற்றிய ஒன்றிய அரசின் 2021-22 கணக்கெடுப்பில், 18 முதல் 23 வயதுக்கு உட்பட்டவர்களில் கல்லூரியில் சேர்வோர் விகிதம் தமிழ்நாட்டில் 47. நாட்டின் சராசரி 28.4. பெருமைப்பட வேண்டிய எண். ஆனால் மூன்று தலைமுறையாகப் படிப்பு ஏறிக்கொண்டே போனது. வேலையோ இறங்கிக்கொண்டே வந்தது. தாத்தாவுக்கு இருந்த கிராஜுவிட்டி பேரனுக்கு இல்லை. தாத்தாவுக்கு இருந்த சங்கம் பேரனுக்கு இல்லை. பேரனிடம் இருப்பது கல்விக்கடன்.

இங்கேதான் ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. “வேலை இருக்கிறது தம்பி, உன்னிடம்தான் திறன் இல்லை” என்கிறது. கல்லூரி கல்லூரியாகப் போய், கோட்டு மாட்டிக்கொண்டு, கைதட்டச் சொல்லி, இதையே சொல்கிறது.

திறன் என்பது என்ன? பேரையூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து, தமிழ்வழியில் பன்னிரண்டாவது வரை படித்து, கல்லூரிக்கு வந்த ஒரு பையனை நேர்முகத் தேர்வு அறையில் கற்பனை செய்யுங்கள். கடன் வாங்கிய ஷூ. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். முதல் கேள்வி, “டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்.” இயந்திரத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். தன்னைப் பற்றிக் கேட்டதும் வாய் உலர்ந்துபோகிறது. பக்கத்து நாற்காலியில் காத்திருக்கும் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு இது சாப்பாட்டு மேசையில் தினமும் நடக்கும் பேச்சு. பிரான்சின் தென்மேற்கு மூலையில் ஓர் அஞ்சல் ஊழியர் வீட்டில் பிறந்து, பெரிய சமூகவியல் அறிஞராக உயர்ந்த பியர் பூர்தியூ ஆயுள் முழுக்க இதைத்தான் எழுதினார். வீடு கொடுத்த சீதனத்தைப் பள்ளி ‘அறிவு’ என்று பெயர் மாற்றி மதிப்பெண் போடுகிறது என்பது அவர் கட்சி. சீதனம் என்றால் நமக்குப் புரியும். அது கழுத்தில் தொங்கினால் தெரியும். நாக்கில் தொங்கினால் தெரியாது.

இங்கிலாந்தில் பால் வில்லிஸ் என்பவர் ஒரு தொழில் நகரத்தில் பன்னிரண்டு பையன்களோடு பழகி, 1977-இல் ஒரு புத்தகம் எழுதினார். தொழிலாளி வீட்டுப் பையன்கள் ஏன் தொழிலாளிகளாகவே ஆகிறார்கள் என்பது கேள்வி. அந்தப் பையன்கள் வாத்தியாரைக் கிண்டலடித்தார்கள், படிக்கிறவனைப் பொட்டை என்றார்கள், சிரித்துக்கொண்டே அப்பன் போன ஃபாக்டரிக்குத் தாங்களும் போனார்கள். சமூகவியல் வகுப்பில் இதைப் பாடமாக நடத்துகிறார்கள். நடத்தட்டும். ஆனால் மதுரைச் சீமையில் கதை தலைகீழ். இங்கே பையன் பள்ளியை உதறவில்லை. தங்கச்சி தோட்டை அடகு வைத்து நம்பினான். உதறியவனுக்கு அங்கே ஃபாக்டரி காத்திருந்தது. நம்பியவனுக்கு இங்கே காத்திருப்பது பைக்கும் முதுகில் ஓர் உணவுப்பெட்டியும்.

நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, 2023 ஜூலை 15-இல் திறந்தது. போட்டித் தேர்வுப் பகுதியில் ஒரு நாள் நின்று பாருங்கள். மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலத்துப் பிள்ளைகள். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஓரம் மடிந்த கைடு. பொறியியல் முடித்த பெண் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை வரிவரியாக அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்கிறாள், ஏனென்றால் குரூப் 4 வினாக்கள் அங்கிருந்துதான் வரும். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்ற தேர்வு அது. 2024 ஜூனில் நடந்ததற்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். ஓர் இடத்துக்கு 320 பேருக்கும் அதிகம். அத்தனை பேருக்குமா திறன் இல்லை? ஒரு நாற்காலியைப் போட்டு 320 பேரை ஓடவிட்டு, உட்கார முடியாத 319 பேருக்குக் கால் ஊனம் என்று சான்றிதழ் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

2019-இல் கோயம்புத்தூர் மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தது. பொறியாளர்கள், பட்டதாரிகள், டிப்ளமோக்காரர்கள் என்று ஏழாயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். பத்திரிகைகள் இதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டன. வேடிக்கை என்ன இருக்கிறது? அது நிரந்தரப் பணி. தொடக்கச் சம்பளமே 15,700 ரூபாய். பட்டதாரி துடைப்பத்தைத் தேடிப் போகவில்லை, நிரந்தரத்தைத் தேடிப் போனான். அதே துடைப்பத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிடித்த அருந்ததியர் தெருவுக்கு என்ன கிடைத்தது? சம்பளம் குறைவாக இருந்தவரை வெளியார் எட்டிப் பார்க்காத வேலை, நல்ல சம்பளம் வந்ததும் போட்டிக்குரியதாகிறது. போட்டி வந்ததும் ஒப்பந்தமாகிறது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையும் மேல் கீழாகப் பிரித்தது என்று 1936-இலேயே அம்பேத்கர் எழுதினார். ஒப்பந்தச் சீட்டில் சாதி எழுதுவதில்லை. எழுதத் தேவையும் இல்லை, தெருவின் பெயரே போதும்.

1953-இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றார். குலக்கல்வி என்று பெயர் சூட்டி மாநிலமே எழுந்தது. 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. 2023-இல் ஒன்றிய அரசு 18 குடும்பத் தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்து, 18 வயதிலேயே சேரலாம் என்றது. அந்த வடிவில் ஏற்க மாட்டோம் என்று தமிழ்நாடு மறுத்து, குறைந்த வயது 35 என்று தன் சொந்தத் திட்டத்தைப் போட்டது. சரியான முடிவு. முன்வாசலில் குலத்தொழிலை விரட்டியவர்கள், அது பின்வாசலில் ஒப்பந்தக்காரர் ஜீப்பில் வந்து இறங்குவதைக் கண்டுகொள்ளாதது ஏன் என்பதுதான் கேட்க வேண்டியது.

இட ஒதுக்கீட்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 69 விழுக்காட்டுக்கு 1993-இல் சட்டம் போட்டு, 1994-இல் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைக்குள் கொண்டுபோய்ப் பூட்டி வைத்தோம். பூட்டு பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஒதுக்கீடு அரசுப் பணியிடத்துக்குத்தான், வெளிமுகமைக்கு இல்லை. பணியிடம் ஒன்று ஒப்பந்தமாகும்போது அதனுள் இருந்த 69 விழுக்காடும் ஓசைப்படாமல் கரைந்துபோகிறது. எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

படி படி என்று சொல்லிக்கொடுக்கிறவர் நிலைமை மட்டும் என்ன வாழ்கிறது? அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்றது பல்கலைக்கழக மானியக் குழு, 2019-இல். 2024-இல் இங்கே தந்தது 25,000. பள்ளிகளில் 2012-இல் 5,000 ரூபாய்க்கு எடுத்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் மிச்சமிருப்பவர்கள் 2024-இல் எட்டிய சம்பளம் 12,500. பெயரில் மட்டும் கௌரவம் இருக்கிறது.

“ஊரே முன்னேறியிருக்கிறதே, மச்சினன் பையன் அமெரிக்காவில் இருக்கிறானே” என்று யாராவது எழுந்து கேட்கலாம். இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும். படிப்பு ஆளைத் தூக்கிவிடும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் விட்டுப்போன இடத்தில் தெருவைக் கூட்டவும், ஜவுளிக்கடையில் நின்று சேலையை விரித்துக் காட்டவும் ஒருவர் வேண்டுமே. அவருக்கு என்ன கூலி, எத்தனை மணி நேரம்? கடை ஊழியர் உட்கார ஒரு ஸ்டூல் போட வேண்டும் என்பதற்கு 2021-இல் சட்டமே போட வேண்டியிருந்தது. கடையில் நிற்கும் பெண்ணிடம் பி.காம். சான்றிதழ் இருந்தாலும் ஸ்டூல் அதனால் வரவில்லை; சட்டத்தால் வந்தது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைச் சட்டத்தைப் பேரவையில் நிறைவேற்றினார்கள். தெரு கொதித்தது. மே தினத்தன்று திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பத்தே நாள்!

ஆகவே இந்த மேடை கேட்பது நீளமான பட்டியல் அல்ல. அரசாணை 152-ஐ ரத்து செய்யுங்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரம் என்று 1981-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. 480 நிரம்பும் நேரம் பார்த்து ஒப்பந்தக்காரர் பெயர் மாறுகிற வித்தையை நிறுத்துங்கள். ஆசிரியருக்கு ஆசிரியர் சம்பளம் கொடுங்கள்.

நாளைக் காலை ஆதிமூலம் பள்ளியில் பிள்ளைகள் தட்டோடு உட்காரும். அதற்கு மூன்று மணி நேரம் முன்பு, அவர்களுடைய தாய்மார் வார்டு அலுவலக வாசலில், ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவுக் கருவிக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். வருடக்கணக்காகத் துடைப்பமும் பிளீச்சிங் பவுடரும் தேய்த்த பெருவிரலில் ரேகை சரியாக விழாது. கருவி சிவப்பு விளக்கைக் காட்டும். “துடைச்சிட்டு இன்னொருவாட்டி வையிம்மா” என்பார் மேஸ்திரி. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள்.