செவிக்கு எட்டாத ஒலி



சந்தையில் மண்பானை வாங்கும் மூதாட்டியைக் கவனித்திருப்பீர்கள். பானையை விரலால் சுண்டிப் பார்ப்பார். ‘கணீர்’ என்று ஒலித்தால் வாங்குவார். ஓசை மந்தமாக இருந்தால் வைத்துவிடுவார். கண்ணுக்குப் புலப்படாத விரிசலைக் காது காட்டிக் கொடுத்துவிடுகிறது. வானூர்தியின் இறக்கையைச் சோதிப்பவர்கள் கையாளுவதும் ஏறக்குறைய இந்த முறையே. ஆனால் அவர்கள் நம்பும் ஒலி மனிதச் செவிக்கு எட்டாதது.

கார்பன் இழைகளை மெல்லிய படலங்களாக அடுக்கிப் பிசினால் இறுக்கிச் செய்யும் பொருளைக் கூட்டுப்பொருள் என்கிறோம். அது எடை குறைந்தது, வலிமை மிக்கது. 2011-ஆம் ஆண்டில் பயணிகள் பணிக்கு வந்த போயிங் 787 வானூர்தியின் கட்டமைப்பில், எடைக் கணக்கில் ஏறத்தாழப் பாதி இத்தகைய பொருளே.

ஆயினும் இதற்கு ஒரு குறை உண்டு. அலுமினியத் தகட்டின்மேல் சுத்தியல் விழுந்தால் பள்ளம் விழும். அடி பட்டதை அதுவே சொல்லிவிடும். கூட்டுப்பொருளோ அடி வாங்கியபின் மேற்பரப்பில் பழையபடி நிமிர்ந்துகொள்ளக் கூடும். உள்ளே படலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். அழுத்தும் சுமை வரும்போது பிரிந்த படலங்கள் வளைந்து நொடிந்துவிடும்.

இங்கேதான் மீயொலி உதவுகிறது. நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை நாம் கேட்க இயலாது. இச்சோதனையிலோ நொடிக்குப் பல இலட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியைப் பொருளுக்குள் செலுத்துகிறார்கள். உலோகத்தின் குறைகளை இவ்வாறு காணலாம் என்று 1928-இல் ரஷ்ய அறிஞர் சோகொலோவ் எடுத்துரைத்தார்.

கார்பன் கூட்டுப்பொருளின் தடிப்பினூடே ஒலி நொடிக்குச் சுமார் 3,000 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகையின் அடிப்பரப்பில் பட்டு எதிரொலி திரும்ப, நொடியின் பத்து இலட்சத்தில் 4 பங்கு நேரம் ஆகும். 2 பங்கிலேயே எதிரொலி வந்துவிட்டால்? 3 மில்லிமீட்டர் ஆழத்தில் ஏதோ வழிமறிக்கிறது என்பது பொருள். காற்றிடைவெளி மிக மெல்லியதாயினும் இவ்வொலியைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் கருவிக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் புகாதபடி நீரோ கூழோ தடவுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பணிமனையில் நான் சோதனையாளனாக இருந்தேன். பயிற்சிக்கு வந்த இளைஞன் ஒருவன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். “ஐயா, கையிலிருந்த ஸ்பானர் நழுவிப் பலகைமேல் விழுந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை” என்றான். நான் தடவிப் பார்த்தேன்; கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. ‘ஒன்றுமில்லை, போ’ என்று சொல்ல வாயெடுத்தவன், அவன் முகத்தைப் பார்த்துக் கருவியை எடுத்தேன். எதிரொலி முந்திக்கொண்டு வந்தது. உள்ளே உள்ளங்கையகலம் படலங்கள் பிரிந்திருந்தன. அந்தப் பலகை வானேறவில்லை.

மாணவர்களே, கருவி எவ்வளவு கூர்மையானதாயினும், வைத்த இடத்தைத்தான் அது பார்க்கும். எங்கே வைக்கவேண்டும் என்று அன்று எனக்குக் காட்டியது அந்த இளைஞனின் நேர்மை. நீங்கள் எத்தொழிலுக்குச் சென்றாலும் இதனை நினைவில் வையுங்கள்.